எடை பார்க்கும் சனிக்கிழமை

உடம்பில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நான் டாக்டரிடம் போனது அந்த ஒரு தடவைதான். பெரிய கோளாறு வேண்டாம். இதயத்தில் சின்னதாக ஒரு தடுமாற்றம், முழங்காலில் ஒரு தேய்மானம். தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

எங்கள் வீட்டில் பள்ளத்தாக்கு என்றால் ஒன்றுதான். எல்லை தாண்டி, நமீபியாவின் பாலைவனத்தை ஃபிஷ் ஆறு அறுத்துப் போட்டிருக்கும் அந்தப் பிளவு. ஐந்து நாள், எண்பது கிலோமீட்டருக்கு மேல், முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். என் மனைவி செலஸ்டுடைய தம்பி டென்சில், தேவாலய இசைக்குழுவில் என்னோடு டிராம்போன் வாசிக்கும் யூஜின், நான், மூவரும் ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஜூலையிலும் போகிறோம். இறங்கும் இடத்தில் ஒவ்வொருவரும் புதிதாக வாங்கிய மருத்துவச் சான்றிதழைக் காட்ட வேண்டும். மூன்று பேருக்குக் குறைவான குழுவை இறங்க விடமாட்டார்கள். முன்பு நாங்கள் நான்கு பேர். கிளைவ் இடுப்பெலும்பை மாற்றிக்கொண்ட பிறகு சரியாக மூன்று. ஒருவன் நின்றுவிட்டால் மற்ற இருவரின் ஒரு வருடக் காத்திருப்பும் போயிற்று.

போன வருடம் இரண்டாம் நாள், பெரிய பாறைகள் ஆற்றை நெருக்கும் இடத்தில், நான் மற்ற இருவருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் வைத்தேன். கால் இறங்கியது, ஏறவில்லை. தண்ணீர் இடுப்பு வரை இருந்தது, எங்கள் பக்கத்துக் குளிர்கால ஜூலைத் தண்ணீர், எலும்பைத் தொடும் குளிர். கத்தினேன். பள்ளத்தாக்கு என் குரலை எடுத்து எங்கோ வைத்துவிட்டது. பத்து நிமிடம் இருக்கலாம். பூட்ஸின் கயிற்றை நீருக்குள் தடவிக் கத்தியால் அறுத்து, காலை மட்டும் உருவிக்கொண்டு, பிறகு பூட்ஸைப் பிடுங்கி எடுத்தேன். அடுத்த வளைவில் இருவரும் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மச்சான், வழியில மீன் பிடிச்சியா?" என்றான் டென்சில்.

"ரெண்டு பிடிச்சேன், சின்னதா இருந்துச்சு, விட்டுட்டேன்," என்றேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. செலஸ்டிடம்கூட. ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த பூட்ஸ் என்னைப் பார்க்கும். தூக்கத்தில் கால் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தபோது, என் தட்டுக்கு அடியில் ஒரு உறை இருந்தது. உள்ளே ஒரு முன்பதிவுச் சீட்டு: ராபர்ட்சன் ஊருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் ஒன்றில் ஒரு குடிசை வீடு. கணப்பு, தோட்டத்துக்கு இறங்கும் படிகள், மாலையில் ஒயின் ருசி பார்க்கும் கூடம். ஐந்து இரவுகள், ஜூலை முதல் வாரம். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் அந்த வாரத்தின் நடுவில் வருகிறது.

"பள்ளத்தாக்கும் அதே வாரம்தானே," என்றேன் மெதுவாக.

"தெரியும். பள்ளிக்கூட விடுமுறை ஒண்ணுதானே இருக்கு," என்றாள் செலஸ்ட். "ஒன்பது வருஷமா ஜூலை வந்தா நான் ரஸ்க் சுட்டுக் கட்டிக் குடுத்துட்டு வாசல்ல நிக்கறேன். இந்த வருஷம் நானும் எங்கயாவது போகணும்னு தோணுச்சு. நீ யோசிச்சு சொல்லு. எதுன்னாலும் எனக்குச் சரி."

எனக்குள் யாரோ ஜன்னலைத் திறந்தது போல இருந்தது. அங்கேயே, அந்த நிமிடமே, ஒயின் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டென்சில் ஏன் என்று கேட்பான். கல்யாண நாள் என்பேன். "கல்யாண நாளு ஒன்பது வருஷமா ஜூலையிலதான வருது மச்சான்" என்பான். அதனால் யோசிக்கிறேன் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமையாசிரியரான நான், யாராவது வந்து தன்னைத் தடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் டாக்டரை நம்பினேன்.

டாக்டர் ஃபிலாண்டர் ஏழாம் வகுப்பில் என் மாணவி. எங்கள் ஊர் குயில்ஸ் ரிவரில் என் மாணவர் கைபடாமல் முடிவெட்டிக்கொள்ளவும் முடியாது, பல் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது.

"மூச்ச இழுங்க சார். விடுங்க. இன்னொரு தடவ."

"ஏதாவது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"நல்லாக் கேக்குதுன்னா, எந்த மாதிரி?"

"குதிரை மாதிரி சார்." இரத்த அழுத்தம் பார்த்தாள், முழங்காலைத் தட்டினாள், படியில் ஏறி இறங்கச் சொன்னாள். "கால் வலி?"

"மழை நாள்ல இருக்கு."

"மழை நாள்ல எனக்கும் இருக்கு. எனக்கு முப்பத்தொண்ணு."

படிவத்தில் அவள் பேனா ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. "இதயத்த இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாமே," என்றேன்.

பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏழாம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சு தெரிந்தது.

"சார், ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடத்து நெடுந்தூர ஓட்டத்தன்னிக்கு, எனக்கு வயித்து வலின்னு அம்மா எழுதின மாதிரி நானே ஒரு லெட்டர் எழுதிட்டு வந்தேன்."

"இல்லையே."

"எனக்கு இருக்கு. நீங்க அத மடிச்சு என் கையிலயே குடுத்தீங்க. ஓடப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு, பாவம் உங்கம்மாவ ஏன் இழுக்கறேன்னு கேட்டீங்க."

"அப்புறம்?"

"வெக்கமாப் போச்சு. ஓடினேன். கடைசியா வந்தேன்." முத்திரையைக் குத்தித் தாளை என் பக்கம் தள்ளினாள். "பள்ளத்தாக்குல இறங்கறதுக்கு உடம்புல ஒரு தடையும் இல்ல சார். மத்தத கேக்கறதுக்கு இதுல கட்டம் இல்ல."

அடுத்து செலஸ்டை நம்பினேன். வீட்டுக்குப் போனபோது அவள் கொத்துக்கறியை அடுப்பின் தட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். உப்புக்கண்டம் துண்டு துண்டாக வெட்டிப் பைகளில் இருந்தது. சமையலறை மேசையில் பள்ளத்தாக்கின் வரைபடம் விரிந்திருந்தது. நான் எந்த நாள் உணவை எங்கே சாப்பிடுவேன் என்று கணக்குப் பார்த்துக் கட்டுவது அவள் வழக்கம். அவள் விரல் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தது.

"உடம்பு நல்லாருக்காம்," என்றேன். சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

"நல்லதுதானே."

"செலஸ்ட், நீ போகாதன்னு சொன்னா நான் போகல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நிமிடம் அவள் கோபப்பட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றாள். "நீ நின்னுட்டா அவங்க ரெண்டு பேரும் போக முடியாது. டென்சில் வருஷம் முழுக்க இதப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கான். அந்த வீட்ட செப்டம்பருக்கு மாத்திக்கலாம், கேட்டுட்டேன், சரின்னாங்க."

"கல்யாண நாளு?"

"அது எங்க ஓடிடப் போகுது. போயிட்டு வா மெர்வின்."

இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கறியைப் புரட்ட உதவினேன்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது எடை பார்க்கும் சனிக்கிழமை வரும். டென்சில் வீட்டுப் பின்புறத்தில், லக்கோட் பழ மரத்தின் தாழ்ந்த கிளையில், மீன் எடைபோடும் கொக்கித் தராசைக் கட்டுவான். கரியடுப்பில் ஆட்டு விலாவும் சாசேஜும் வேகும். ஒவ்வொருவனும் தன் முதுகுப்பையை முழுதாகக் கட்டிக்கொண்டு வந்து கொக்கியில் மாட்ட வேண்டும். பை உன் எடையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் எதையாவது எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். மேசைக்கு வந்தது திரும்பப் பைக்குள் போகக்கூடாது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. யூஜினின் வெல்வெட் தலையணை இப்படித்தான் ஒரு வருடம் மேசைக்கு வந்து, இன்றும் டென்சில் வீட்டு நாயின் கூட்டில் இருக்கிறது.

அன்றைக்கு யூஜின் பைதான் முதலில் தொங்கியது.

"ஒரு கிலோ அதிகம்," என்றான் டென்சில். "கெட்டிப்பால் டப்பாவ எடு."

"எந்த டப்பா?"

"ஒன்பது வருஷமா காலுறைக்குள்ள ஒளிக்கறயே, அந்த டப்பா."

யூஜின் ஒரு காலுறையை எடுத்து மேசைமேல் வைத்தான். அது தட்டென்று சத்தம் போட்டது. சாலட் கிண்ணங்களோடு வந்துகொண்டிருந்த டென்சிலின் பெண்டாட்டியும் செலஸ்டும் சிரித்தார்கள். "உன் சாவுக்கு உன் பெட்டியையும் நாங்கதான்டா தூக்கணும்," என்றான் டென்சில், "இப்பவே பழகிக்கறோம்."

அடுத்தது நான். கொக்கியில் மாட்டினேன். தராசின் முள் ஆடி ஆடி பதினாலு கிலோவில் நின்றது.

"மச்சான் எப்பவும் சரியா இருப்பான்," என்றான் டென்சில். "எங்க அக்கா கட்டினது. எடுக்க ஒண்ணுமில்ல."

"இருக்கு," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்தேன். நான்காக மடித்திருந்தது. மேசைமேல், கெட்டிப்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. யூஜின் அதைத் தொடக் கையை நீட்டினான். "மேசைக்கு வந்தது திரும்பப் போகாது," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"என்னாச்சு, இதயத்துல ஏதாவதா?" என்றாள் செலஸ்ட். கிண்ணத்தை அவள் கீழே வைக்கவில்லை.

"இதயம் குதிரை மாதிரி இருக்காம். நான் பயப்படறேன், அவ்வளவுதான்." சொல்லத் தொடங்கியதும் மீதி தானாக வந்தது. இரண்டாம் நாள், அந்தப் பாறைகள், பத்து நிமிடம், அறுத்த கயிறு. சின்ன மீன் இரண்டைப் பிடித்து விட்டதாகச் சொன்ன பொய். கடைசியில், "எனக்கு இந்த வருஷம் இறங்க முடியாது டென்சில். அடுத்த வருஷமும் முடியாதுன்னு நெனக்கறேன்," என்றேன்.

அடுப்பில் கொழுப்பு சொட்டிப் பொரிந்தது. டென்சில் இடுக்கியால் ஒரு சாசேஜைத் திருப்பினான். ஏற்கெனவே திருப்பியதையே திரும்பவும் திருப்பினான்.

"நாங்க தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருந்தோம்," என்றான் யூஜின் தாழ்ந்த குரலில்.

"நீ அங்கயே சொல்லியிருக்கலாம்ல மச்சான்," என்றான் டென்சில். கோபம்தான், ஆனால் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. "இல்ல, ஜனவரியிலயாவது சொல்லியிருக்கலாம். வேற ஆளப் பாத்திருப்பேன். இப்ப ரெண்டு வாரத்துல யார எங்க போய்த் தேடறது? ரெண்டு பேர இறங்க விடமாட்டான். தெரியும்ல உனக்கு?"

"தெரியும். அதனாலதான் சொல்ல முடியல."

நான் செய்தது இதுதான். நண்பனுக்கும் மைத்துனனுக்கும் ஒரு வருடத்தைக் கெடுத்துவிட்டேன். ஆனாலும் உள்ளே, வெட்கத்துக்குக் கீழே, ஒரு வருடமாகப் பாறைக்கு நடுவில் மாட்டியிருந்த கால் வெளியே வந்துவிட்டது. அந்த நிம்மதியை மறைக்கத் தரையைப் பார்த்தேன்.

"என் எடைக்கு எவ்வளவு தூக்கலாம்?" என்று கேட்டாள் செலஸ்ட்.

"என்ன?" என்றான் டென்சில்.

"நான் அறுபத்திரண்டு கிலோ. நாலில் ஒரு பங்கு எவ்வளவு?"

யூஜின்தான் கணக்குப் போட்டான். "பதினஞ்சரை."

செலஸ்ட் கிண்ணத்தைத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தாள். கொக்கியிலிருந்த என் பையைத் தூக்கினாள். ஒரு முழங்காலில் ஏற்றி, ஒரு தோளை நுழைத்து, குலுக்கி மறு தோளை நுழைத்தாள். இடுப்புப் பட்டையை இழுத்து மாட்டினாள். நான் ஒன்பது வருடம் செய்தும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

"அக்கா, சாப்பிட வா. விளையாடாத," என்றான் டென்சில்.

"யார் விளையாடறா?"

"இது ஆம்பளைங்க போறது அக்கா."

"அனுமதிச் சீட்டுல அப்படி எழுதியிருக்கா? மூணு பேருன்னுதானே எழுதியிருக்கு."

"அஞ்சு நாள். மணல்ல படுக்கணும். வெளிக்குப் போக மண்வெட்டி எடுத்துட்டுப் போகணும்."

"நாலு புள்ளைங்க இருந்த வீட்ல ஒரே கழிவறையில உன்னோட வளந்தவ நான். மணல் எனக்குச் சொகுசு." யூஜின் வாயைப் பொத்திக்கொண்டான். செலஸ்ட் முற்றத்தை ஒரு சுற்று நடந்தாள். "முதல் நாள் சங்கிலி பிடிச்சு இறங்கணும். ரெண்டாம் நாள் பாறைங்க, சாயங்காலம் வெந்நீர் ஊத்து. மூணாம் நாள் பள்ளத்தாக்கு அகலமாகும், குறுக்கு வழிங்க ஆரம்பிக்கும். எந்த வளைவுல எந்தக் குறுக்கு வழின்னு நான் உனக்குச் சொல்றேன். ஒவ்வொரு வருஷமும் மேசைல விரிச்சுப் படிச்சவ நான்."

வரைபடத்தில் அவள் விரல் நின்ற இடங்கள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. ரஸ்க்குக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை.

"பூட்ஸ் இல்லையே," என்றான் டென்சில், கடைசி ஆயுதமாக.

"கார்ல இருக்கு."

டென்சில் மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். பழுப்பு நிறம், மூக்கு தேய்ந்து, நன்றாகக் காலுக்குப் படிந்தவை. நான் பார்த்ததே இல்லை.

"இத எப்ப வாங்கின?" என்றேன்.

"மூணு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை காலைல ஓடப் போறேன்ல, அது முடிஞ்சதும் இத மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் குன்றுல ஏறுவேன். நீ தூங்கிட்டிருப்ப."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவள் மேசையில் கிடந்த சான்றிதழைப் பார்த்தாள், பிறகு என்னை. "நீயும்தான்," என்றாள்.

டென்சில் இடுக்கியைக் கீழே வைத்தான். அக்காவைச் சுற்றி வந்து, பையின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். "தோள்பட்டை ரெண்டு விரல் தளர்வா இருக்கு," என்றான். "திங்கக்கிழமையே டாக்டரப் பாத்துடு. துபாய்க்கு உன் மகளப் பாக்கப் போனப்போ எடுத்த பாஸ்போர்ட் செல்லுமா?" அவன் குரலில் பழைய உயிர் வந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீ அந்தக் கறியப் பாரு. அதுக்காவது பயமில்லாம இருப்பேல்ல?"

"சூடு படும்," என்றேன். அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

டாக்டர் ஃபிலாண்டர் செலஸ்டுக்குக் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லையாம்.

தோட்டத்து வீட்டுத் தேதியை மாற்றவில்லை. ஜூன் கடைசியில் அவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் பள்ளத்தாக்கில் இறங்கும் ஜூலை முதல் நாள் நான் ராபர்ட்சனுக்குப் போனேன். குளிரில் வெட்டப்பட்ட திராட்சைக் கொடிகள், யாரோ எழுதிவிட்டு அழிக்க மறந்த வரிகள் போல, குன்று வரை ஓடின. கணப்பு புகைந்தது. தோட்டத்து நாய் முதல் நாளே என் கால்மேல் படுத்தது. ருசிக் கூடத்தில் இருந்த பெண்மணி எத்தனை கோப்பை என்று கேட்டார்.

"ஒண்ணு. இன்னொருத்தர் பள்ளத்தாக்குல இருக்காங்க."

"பிள்ளையா?"

"மனைவி."

அவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கோப்பையில் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினார்.

முதல் இரவு, ஒரு வருடத்துக்குப் பிறகு, கால் மாட்டிக்கொள்ளாமல் தூங்கினேன். இரண்டாம் நாள் அப்படி இல்லை. பள்ளத்தாக்கில் தொலைபேசி எடுக்காது. காலை பத்து மணிக்கு அவள் அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் இருப்பாள் என்று கணக்கிட்டேன். பதினொன்று. பன்னிரண்டு. புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தில் மாலை வரை இருந்தேன். அந்த இடத்தை நானே அவளுக்குக் குறித்துக் கொடுத்திருந்தேன், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக. புள்ளி போட்டால் போதுமா? இந்த ஒன்பது வருடமும் வாசலில் நின்றவள் இப்படித்தான் மணி பார்த்துக்கொண்டிருந்தாளா? நாய் எழுந்து வெளியே போய், மழை என்று திரும்பி வந்தது.

நான்காம் நாள் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினையும் மூன்று எனாமல் குவளைகளையும் எடுத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டேன். இரவு வழியில் ஸ்பிரிங்போக் ஊரில் தங்கி, மறுநாள் காலை எல்லையான ஆரஞ்ச் ஆற்றைத் தாண்டி, மதியம் பள்ளத்தாக்கு முடியும் அய்-அய்ஸ் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். நாணற்புதர் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு யூஜின் வந்தான். சற்றுப் பின்னால் டென்சில், பை இல்லாமல், நொண்டிக்கொண்டு.

"செலஸ்ட் எங்க?" என்றேன். எழுந்தேனா என்று நினைவில்லை.

"வர்றா. என் பையையும் சேத்துத் தூக்கிட்டு வர்றா," என்றான் டென்சில். "கணுக்கால் சுளுக்கு. எனக்கு. மச்சான், அடுத்த வருஷம் நீ வந்துடு, உன்னக் கும்பிடறேன். காலைல அஞ்சு மணிக்கு எழுப்பறா. கெட்டிப்பால் கேட்டா திட்டறா."

நாணல் அசைந்தது. முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, நடுவில் வெயிலில் தோலுரிந்த மூக்கோடு என் மனைவி. என்னைப் பார்த்ததும் கையை அசைக்கவில்லை, அசைக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் முன்பையை வாங்கிக்கொண்டேன்.

மாலை முகாமின் வெந்நீர்க் குளத்தின் ஓரத்தில் இருவரும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். குவளையில் ஊற்றிக் கொடுத்தேன்.

"உன் பாறையப் பாத்தேன்," என்றாள். "நீ போட்ட புள்ளியிலயே இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடம்." கையால் காட்டினாள். "நான் அதுல கால வைக்கல. மேல ஏறிச் சுத்திப் போனேன். இருபது நிமிஷம் கூட ஆச்சு. டென்சில் முணுமுணுத்தான், அப்புறம் அவனும் என் பின்னாடியே வந்தான்."

"சுத்திப் போக வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு மெர்வின்." காலால் தண்ணீரை அளைந்தாள். "அந்த வீடு எப்படி?"

"கணப்பு புகையுது. நாய் நல்ல நாய். ஒருத்தருக்குப் பெரிசா இருக்கு."

"செப்டம்பர்ல சேந்து போலாம். கொடி துளிர்க்கும்."

"ஜூலையில?"

"ஜூலையில எனக்கு வேலை இருக்கு," என்றாள். "ரஸ்க் சுடக் கத்துக்க."

சொல்லி முடிப்பதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. குவளை அவள் விரல்களில் சரிந்துகொண்டிருந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சிந்துவதற்குள் மெதுவாக வாங்கி என் பக்கத்தில் வைத்தேன்.